பனிக்காலத்தில் மெல்ல வளரும் கரு

முருகன் சித்தப்பா: செல்வி, வௌவால் வயிற்றில் இருக்கும் கருவின் வளர்ச்சியைத் தள்ளிப்போடும் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. சினைபிடித்த பிறகு அது எப்படி முடியும்?

செல்வி: எல்லா வௌவாலும் இல்லை சித்தப்பா. நான் சொன்னது குட்டை மூக்குப் பழ வௌவால். இங்கே காசியில் அது ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடும், தடவைக்கு ஒன்று. கோடையில் சினைக்காலம் சுமார் 125 நாள். பனிக்காலத்தில் சுமார் 150 நாள்.

பெரியம்மா: இருபத்தைந்து நாள் அதிகமா! கரு கருப்பையில் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்குமோ?

செல்வி: கரடிக்கு அப்படித்தான் பெரியம்மா. இதில் கரு ஒட்டிவிடும், அதற்குப் பிறகுதான் தாமதம். உடலின் மூல அடுக்குகள் பிரிகிற கட்டம் வந்ததும் வேகம் குறைந்துவிடும். நவம்பரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அப்படியே மெதுவாகப் போகும்.

பெரியம்மா: நான் வேலை பார்த்த வார்டில் வளர்ச்சி இப்படி மந்தமாக இருந்தால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள். இதில் என்ன குறைகிறது? கர்ப்பத்தைத் தாங்குகிற ஹார்மோன் புரோஜெஸ்டிரோனா?

செல்வி: அதுவும்தான். ஆனால் என்னை இழுத்தது அடிபோனெக்டின். கொழுப்புத் திசுவிலிருந்து வருகிற ஹார்மோன். தாமதமாகிற நாட்களில் கருப்பையிலும் கருவிலும் அதன் ஏற்பி, அதாவது செல்லில் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், குறைவாக இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அமிதாப் கிருஷ்ணாவின் குழு அந்த நேரத்து வௌவால்களுக்கு அடிபோனெக்டின் கொடுத்துப் பார்த்தது, 2014இல் வெளியிட்டார்கள். கருவின் வளர்ச்சி வேகமெடுத்தது, எடை கூடியது. புரோஜெஸ்டிரோனும் எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனும் இரத்தத்தில் ஏறின.

செல்வி: அப்புறம் கருவோடு சேர்ந்த கருப்பைத் திசுவைத் தனியே எடுத்து, அடிபோனெக்டின் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது அது குளுக்கோஸை அதிகம் உள்ளே இழுத்தது. ஜிஎல்யூடி8 என்று ஒரு புரதம், குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டுபோவது, அதன் அளவு கூடியிருந்தது. கரு எந்த வேகத்தில் வளர வேண்டும் என்பதற்கு, எவ்வளவு சர்க்கரை உள்ளே போகிறது என்பதே ஒரு பெரிய கட்டுப்பாடு. இதைப் படித்த அன்றுதான் இந்தத் துறையிலேயே இருப்பது என்று முடிவு செய்தேன்.

பெரியம்மா: சரி, பனிக்கு முன்னால் அது தின்று கொழுத்திருக்குமே. கொழுப்பு கூடினால் அடிபோனெக்டினும் கூட வேண்டாமா?

செல்வி: நல்ல கேள்வி பெரியம்மா. கொழுப்புச் சேரச் சேர இரத்தத்தில் அது குறையும். மனிதர்களிலும் உடல் பருத்தவர்களுக்கு அப்படித்தான்.

கார்த்தி: அக்கா, குளிரில் கலவியையே நிறுத்திவிட்டால் போதாதா?

செல்வி: ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு வழி, கார்த்தி. குளிர்நாட்டு வௌவால்கள் பல, குளிருக்கு முன்பே இணைந்து விந்தணுவைக் கருப்பையில் மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். இங்கே கருவே காத்திருக்கிறது. குட்டி மார்ச் கடைசியில் பிறக்கும், வெயில் வந்துவிடும்.

அம்மா: அதற்குப் பிறகு எத்தனை மாதம் ஓய்வு?

செல்வி: ஓய்வே இல்லை அம்மா. குட்டி போட்ட கையோடு மறுபடி சினையாகிவிடும். ஒன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும். அந்தத் தடவை தாமதம் கிடையாது, ஜூலை, ஆகஸ்டில் பிறந்துவிடும்.

அம்மா: பால் கொடுத்துக்கொண்டேயா! பாவம்டி அது.

பெரியம்மா: செல்வி, அந்த 2014 கட்டுரையை எனக்கு அனுப்பு. அடிபோனெக்டின் பகுதியை நானே படிக்கிறேன். புரியாததை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறேன்.