இழை: குரல்நாண் ‘செயலிழப்பு’ – வேறு சொல் உண்டா? (திங்களுக்குள் தேவை)

ம. எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 16 உலகக் குரல் நாள், அதற்குள் அச்சாக வேண்டும். திங்கட்கிழமை கோப்பைக் கேட்கிறார்கள்.

சிக்கல் தலைப்பிலேயே. வோக்கல் கார்ட் டிஸ்ஃபங்ஷன் என்ற மூச்சுச் சிக்கலுக்கு ‘குரல்நாண் செயலிழப்பு’ என்று போட்டிருந்தேன். அங்குள்ள பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு, சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் செயலிழப்பு என்று கேட்டுப் பழகியவர்கள் இதைப் படித்தால் அரண்டுபோவார்கள், இது பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியில் கட்டுப்படுவது என்கிறார். நியாயம்தான். ‘செயல் குறைபாடு’, ‘செயற்பிறழ்ச்சி’ இரண்டும் கைவசம் இருக்கின்றன. படிக்கப்போவது பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும்.

சி. எழுதியது:

செயலிழப்பு இருக்கட்டும் அம்மா. அதற்கு முன்னால் ‘நாண்’ என்பதே பிழை. 1741இல் பிரான்சில் ஃபெரைன் என்பவர் பிணத்தின் குரல்வளைக்குள் காற்றை ஊதிப் பார்த்தார். நரம்பிசைக் கருவியின் தந்தி போல அது அதிர்கிறது என்று முடிவுகட்டி, தந்தி என்ற பொருளில் பெயரும் வைத்துவிட்டார். அங்கே தந்தியும் இல்லை, நாணும் இல்லை. தசையின்மேல் சவ்வு போர்த்திய இரண்டு மடிப்புகள், அவ்வளவுதான். மேலைநாட்டாரே ‘ஃபோல்டு’ என்று மாறிக்கொண்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் ஏன் உடுத்த வேண்டும்?

என் பரிந்துரை ‘மிடற்றிதழ்’. உந்தியிலிருந்து எழும் வளி “தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ” எழுத்தாகிறது என்கிறது தொல்காப்பியம். பன்னீருயிரும் “மிடற்றுப் பிறந்த வளியின் இசைக்கும்” என்று அடுத்த நூற்பாவே இடத்தைக் காட்டிவிடுகிறது. குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் கருவி வருவதற்கு எத்தனை நூற்றாண்டு முன்னால்! வாய்ப்பாட்டை மிடற்றுப்பாடல் என்றே பழைய உரைகள் சொல்லும். இதழ் என்றால் கூடவும் பிரியவும் செய்வது. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

கா. எழுதியது:

ஐயா, இன்றைக்கு மிடறு என்றால் ‘ஒரு மிடறு தண்ணீர்’ மட்டும்தான். நீங்கள் காட்டிய நூற்பாக்கள் வரும் அதே பிறப்பியலில் இதழ் என்பது உதடு. மிடற்றிதழ் நோய் என்று அச்சடித்தால் ஆட்கள் பல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். ‘வீசிங்’ என்பார்கள். மூச்சிரைப்பு என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘வோக்கல் கார்ட் பிரச்சினை’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

வ. எழுதியது:

நான் தொண்டை மருத்துவம் பார்ப்பவன். நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டையைத் தொடருங்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது குரல்நாண்கள் விலக வேண்டும். இந்த நோய் வந்தால், விலக வேண்டிய அந்த நேரத்தில் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. பின்பக்கம் சிறு இடைவெளி மட்டும் மிஞ்சும். தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கும், உள்மூச்சில் சத்தம் வரும். ஆஸ்துமாவில் சுருங்குவது கீழே மூச்சுக்கிளைக் குழாய்கள். அதன் விசில் சத்தம் பெரும்பாலும் வெளிமூச்சில்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், ஓடியாடும் வயதுப் பிள்ளைகள் பலர் பயனில்லாத இன்ஹேலரை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்து இன்னும் குழப்பும். தாக்குதல் நடக்கும்போதே மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். மற்ற நேரத்தில் நாண்கள் ஒழுங்காகவே வேலை செய்யும்.

எனவே இங்கே எதுவும் செயல் இழக்கவில்லை, நேரம்தான் தவறுகிறது. உண்மையான செயலிழப்பு தனியாக இருக்கிறது. தைராய்டு அறுவையில் குரல்வளைக்குப் போகும் நரம்பு அடிபட்டு, ஒரு பக்க நாண் அசையாமல் நின்றுபோவது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே வருவதால், நெஞ்சில் வரும் கட்டிகூட அதை அழுத்திக் குரலைக் கெடுக்கும். ‘செயலிழப்பு’ என்ற சொல்லை இங்கேயே செலவழித்துவிட்டால் அதற்கு எதை வைப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயரே நிலையாக இல்லை. 1842இல் இதை ஹிஸ்டீரியாவோடு சேர்த்தார்கள். 1974இல் நோயாளி நடிக்கிறார் என்ற தொனியில் ‘மன்ச்சௌசன்’ என்று பெயர் வைத்தார்கள். 1983இல் டென்வரிலிருந்து வந்த, ஐந்து நோயாளிகளைப் பற்றிய ஆய்வறிக்கைக்குப் பிறகுதான் டிஸ்ஃபங்ஷன் என்ற கண்ணியமான பெயர் பரவியது. இப்போது ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் ‘தூண்டலால் வரும் குரல்வளை அடைப்பு’ என்று மாற்றச் சொல்கின்றன. அதைத் தமிழில் போட எனக்குத் துணிவில்லை. அடைப்பு என்றால் இங்கே எல்லாரும் நெஞ்சைத்தான் பிடிப்பார்கள்.

இ. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். நாங்கள் செயற்பாட்டைத் ‘தொழிற்பாடு’ என்று படித்தவர்கள். அதனால் ‘குரல்நாண் தொழிற்பாட்டுக் குழப்பம்’ என்றால் இங்கே ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆஸ்துமாவை எங்கள் ஊரில் முட்டு என்போம். ‘இது முட்டு வருத்தம் அல்ல’ என்று அறிக்கையின் முதல் வரியிலேயே போட்டால், தலைப்பில் என்ன இருந்தாலும் சனத்துக்கு விளங்கும்.

மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தவர். அவர் கையாண்ட சொற்களைப் பார்த்துவிட்டா நாம் இதில் இறங்குகிறோம்?

சி. எழுதியது:

கிறீன் நூல்களில் வடசொல் மிகுதி. அதனால்தான் நான் மிடற்றுக்குப் போனேன்.

ஒரு செய்தி விட்டுப்போயிற்று. ‘குரல்’ ஏழிசையில் முதலாவது: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். தினைக்கதிரும் குரல்தான். யாழின் தந்திக்கு நம் பெயர் நரம்பு. ஆகவே ‘குரல் நரம்பு’ என்று ஒரு பழம்புலவரிடம் சொன்னால் யாழைத்தான் எடுத்து வைப்பார். ஃபெரைனின் உவமைக்கு நம்மிடம் சொல் ஆயத்தமாகவே இருந்திருக்கிறது! நரம்பை மருத்துவர்கள் வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், என்ன செய்வது. குரல் என்பது இன்றைய ‘ஸ’வாகிய சட்சமா, ‘ம’வாகிய மத்திமமா என்ற கேள்வியும்…

ம. எழுதியது:

ஐயா, அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். போன முறை அது தொடங்கி, குழுவில் இருவர் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

‘நாண்’ பற்றி என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடநூலில் குரல்நாண் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். முதுகுநாண், முதுகுநாணிகள் என்று அந்தச் சொல் உயிரியல் முழுக்க வேரோடியிருக்கிறது. ‘மடிப்பு’ சரியான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அச்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது உடற்கூற்றைத் திருத்த முடியாது. இரண்டாம் பாதியை மட்டும் பார்ப்போம்: பிறழ்வசைவு, முரணியக்கம், தடுமாற்றம்.

கா. எழுதியது:

வோக்கல் கார்ட் போகிறது என்றால், தடுமாற்றத்துக்கு என் ஓட்டு. பாட்டிக்கும் புரியும்.

வ. எழுதியது:

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அழுகை முட்டும்போது குரல் தடுமாறும், மேடையேறினால் தடுமாறும். இந்த நோயில் முதலில் சிக்குவது மூச்சு. ‘முரண்’ ஆங்கிலத்தின் பாரடாக்ஸுக்கு நேர்தான், ஆனால் ஏதோ கொள்கைத் தகராறு போல ஒலிக்கிறது. பிறழ்வசைவு எனக்குச் சம்மதம். பயிற்சியாளரிடமும் கேட்டேன். “எது வேண்டுமானாலும் போடுங்கள் டாக்டர், அவர்கள் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி விசிடி என்றுதான் சொல்லப்போகிறார்கள்” என்றார்.

இ. எழுதியது:

பிறழ்வு என்றால் எங்களுக்கு மனப்பிறழ்வுதான் முதலில் ஞாபகம் வரும். 1842இல் செய்த பிழையைத் தமிழில் திரும்பச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

ம. எழுதியது:

பதிந்தேன். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் வேறு சொல் யாரும் தரவில்லை. ‘குழப்பம்’ என்றால் இங்கே சிகிச்சை தருபவர்களுக்குக் குழப்பம் என்று படிப்பார்கள்.

மூன்று பேர் ஒப்புக்கொண்டதால் ‘குரல்நாண் பிறழ்வசைவு’ என்றே அனுப்பிவிட்டேன். அதன் கீழே பெரிய எழுத்தில் ‘மூச்சை இழுக்கும்போது குரல்நாண்கள் நேரம் தவறி மூடிக்கொள்ளுதல்’, அடுத்த வரியில் ‘இது ஆஸ்துமா அல்ல, ஆனால் டாக்டரிடம் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்’. முதல் பாதி இ. அவர்களின் யோசனை, நன்றி. ‘செயலிழப்பு’, நரம்பு அடிபட்டவர்களுக்கான அடுத்த அறிக்கைக்காகக் காத்திருக்கிறது.

சி. எழுதியது:

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். புணர்ச்சியையாவது கவனித்திருக்கலாம். வேற்றுமையில் வல்லினம் வந்தால் ணகரம் டகரமாகும், மட்குடம் போல. குரலின் லகரமும் நகரத்தின் முன் நிற்காது. ஆகவே முறைப்படி அது ‘குரனாட்பிறழ்வசைவு’.

கா. எழுதியது:

ஐயா, அதை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தீர்களா?

சி. எழுதியது:

சொன்னேன். தடையில்லாமல் வருகிறது. மிடற்றிதழை நான் கைவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.