பெட்டி திறந்து கையெழுத்து வாங்கிய காமிக்ஸ் இதழை மீண்டும் தரமதிப்பீட்டுக்கு அனுப்புவது எப்படி?

வணக்கம். காமிக்ஸ் இதழ்களின் நிலையைத் தரமதிப்பிடும் சிஜிசி நிறுவனம் பத்துக்கு 9.6 தரமிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 300ஆம் இதழ் (மே 1988, வெனம் என்ற வில்லன் முழுமையாகத் தோன்றும் முதல் கதை) என்னிடம் உள்ளது. சென்ற அக்டோபரில் நியூயார்க் காமிக் கான் விழாவுக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து இதழை வெளியே எடுத்து, நிறுவனத்தின் சாட்சி உடனில்லாமலேயே அட்டை ஓவியரிடம் பெயின்ட் மார்க்கரில் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவசரப் புத்தி என்னுடையதுதான்.

பெட்டி திறந்ததுமே பழைய தரம் செல்லாது என்பதும், சாட்சியில்லாத கையெழுத்துக்கு, அது உண்மையென உறுதிசெய்யும் மஞ்சள் லேபிள் கிடைக்காது, பொதுவாக உறுதிசெய்யாத பச்சை லேபிள்தான் என்பதும் விசாரித்தபின் தெரிந்தது. பழைய லேபிளையும் கையெழுத்திடும்போது எடுத்த படத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் படத்தைச் சாட்சியாக ஏற்பதில்லையாம். முதுகோரத்தில் புதிதாக விழுந்துள்ள சிறு மடிப்பை சூடான அழுத்துபொறியில் அழுத்திச் சரிசெய்யக் கேட்டபோது, சூட்டில் கையெழுத்தின் மை ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் மறுத்துவிட்டார். இதழ் இப்போது மைலார் உறையில், பலகை வைத்து, தட்டையாகக் கிடக்கிறது.

விற்கும் எண்ணமில்லை எனினும் கையெழுத்து உண்மையானது என்ற பதிவு லேபிளில் இருக்க வேண்டுமென விரும்புகிறேன். இதே நிலையில் கையெழுத்தைப் பின்னர் சரிபார்த்துத் தரும் சிபிசிஎஸ் என்ற இன்னொரு தரமதிப்பீட்டு நிறுவனத்தின் சிவப்பு லேபிளுக்கு இதழை அனுப்பியவர்கள், மடிப்பை அப்படியே விட்டு அனுப்பினீர்களா, அழுத்திய பிறகு அனுப்பினீர்களா?