முழங்கை முறிவுக்குப் பிறகு கட்டைவிரல் நுனி மடங்கவில்லை, எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

கேள்வி: ஆறு வயதுப் பையனின் அம்மா

பையன் சறுக்குமரத்தின் மேலிருந்து கையை ஊன்றி விழுந்தான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து நன்றாகவே விலகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, வெளிப்பக்கமாக இரண்டு கம்பி வைத்தார்கள். இப்போது கம்பி, மாவுக்கட்டு இரண்டும் எடுத்தாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருக்கிறதாம்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்கச் சொன்னால் நுனிகள் மடங்காமல் தட்டையாக ஒட்டிக்கொள்கின்றன. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மற்ற மூன்று விரல்களும் சரியாக இருக்கின்றன, மரத்துப்போகவும் இல்லை. டாக்டர் "நரம்பு அடி வாங்கியிருக்கிறது, தானாக வந்துவிடும்" என்கிறார். கம்பி நரம்பில் குத்திவிட்டது என்று வீட்டில் ஒரே பேச்சு. சும்மா காத்திருப்பது சரியா?

பதில் 1: பிசியோதெரபிஸ்ட், குழந்தைகள் எலும்புப் பிரிவு

நேரில் பார்க்காமல்தான் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மீடியன் நரம்பிலிருந்து பிரியும் முன்புற எலும்பிடை நரம்பின் வேலைநிறுத்தம் மாதிரியே இருக்கிறது. அந்த இரண்டு விரல்களின் நுனியை மடக்கும் தசைகளுக்கு அதுதான் போகிறது. தோலுக்கு அதில் கிளை கிடையாது, அதனால் மரத்துப்போகாது. அவசரப் பிரிவில் இது அடிக்கடி கண்ணில் படாமல் போவதும் இதனால்தான். "விரலை அசை கண்ணு" என்றால் குழந்தை ஏதோ ஒன்றை அசைத்துக் காட்டிவிடும். நான் கல், காகிதம், கத்தரி விளையாடச் சொல்வேன். கைக்குப் போகும் மூன்று பெரிய நரம்புகளுக்கும் இது சோதனை: கல் மீடியனுக்கு, விரித்த காகிதம் ரேடியலுக்கு, கத்தரி அல்னாருக்கு. கடைசியாக ஒரு வட்டம், உங்கள் பையனிடம் வராத அதே வட்டம்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். கையை ஊன்றி விழும்போது கீழ்த்துண்டு பின்னால் போக, மேல்துண்டின் கூர்முனை முன்னால் துருத்தும். மீடியன் நரம்பும் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. கம்பியால் அடிபடுவது பெரும்பாலும் அல்னார் நரம்பு, அதுவும் உள்பக்கமாகக் கம்பி ஏற்றும்போது. அப்போது சுண்டுவிரல்தான் மரத்துப்போகும். உங்கள் பையனுக்குக் கம்பி வெளிப்பக்கம், சுண்டுவிரலும் நன்றாக இருக்கிறது. விழுந்தபோதே பட்ட அடியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அறுவைக்கு முன் விரல்களைச் சோதித்து எழுதிய குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சை நிறுத்த அந்த ஒரு வரி போதும்.

தோல் கிழியாத இந்த வகை முறிவில் நரம்பு பெரும்பாலும் அறுந்திருக்காது, இழுபட்டோ நசுங்கியோ இருக்கும். பலருக்கு 2, 3 மாதத்தில் திரும்புகிறது, சிலருக்கு 6 மாதம் வரை போகிறது. நரம்பின் உள்ளிழை சேதமாகியிருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அவசரப்படுத்த வழியில்லை. ஆனால் 3 மாதம் ஆகியும் நுனியில் சிறு அசைவுகூட இல்லையென்றால் நரம்புக் கடத்தல் சோதனை பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். "பொறுங்கள்" என்ற சொல்லுக்கு ஒரு கெடு இருக்க வேண்டும்.

அதுவரை அந்த இரண்டு நுனிகளையும் மற்றக் கையால் மெல்ல மடக்கி விடுங்கள், மூட்டு இறுகக் கூடாது. முழங்கையை மட்டும் யாரும் உருவவோ இழுத்து நீட்டவோ விடாதீர்கள். குழந்தைகளின் முழங்கை விளையாட்டிலேயே நீண்டுவிடும். முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் இறுகும், தசைக்குள் எலும்பு படியவும் கூடும்.

பதில் 2: ஒரு அப்பா

என் மகளுக்கு இதே முறிவில் ரேடியல் நரம்பு. மணிக்கட்டு தொங்கிப்போய் கை துவண்டு கிடந்தது. கீழ் எலும்புத் துண்டு உள்பக்கம் விலகினால் ரேடியலும் வெளிப்பக்கம் விலகினால் மீடியனும் மாட்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு சிம்பு கொடுத்தார்கள். முதலில் மணிக்கட்டு நிமிர்ந்தது, விரல்கள் அப்புறம், கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் கடைசி. தினமும் சோதிக்காதீர்கள், குழந்தைக்கு அழுகைதான் வரும். மாதம் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கும் காட்டலாம்.

கேட்டவர்:

குறிப்பை வாங்கிப் பார்த்தேன். "ஆள்காட்டி, கட்டைவிரல் நுனி மடக்கம் இல்லை" என்று அறுவைக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள்! இதை யாராவது எங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

பதில் 3: மறுபடியும் பிசியோதெரபிஸ்ட்

சொல்லியிருக்க வேண்டும், உங்கள் கோபம் நியாயம். எழுதியது வரை நல்லது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. முறிந்த முதல் சில நாட்களில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிட்டாலே குழந்தை துடித்தால், மருந்து கொடுத்தும் அடங்காமல் அழுதால், மேலே சொன்ன "பொறுக்கலாம்" எதுவும் உங்களுக்கு இல்லை. முன்கைத் தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். கட்டைத் தளர்த்துவதும் தேவைப்பட்டால் தசையைச் சுற்றியுள்ள உறையைக் கீறிவிடுவதும் மணிக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்பு அடிபட்ட குழந்தைக்கு அந்த வலி முழுசாகத் தெரியாமலும் போகலாம், அவர்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.