"கேரம் போர்டை மூடு, ஐடிஐ போ": பெரியவர்கள் பேச்சு இன்றைக்குச் செல்லுமா?

வியாசைப் பையன்:
பிளஸ் டூ முடித்துவிட்டு வடசென்னை வியாசர்பாடியில் வீட்டில் இருக்கிறேன், அரசுப் பள்ளிதான். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா வந்தாலே மூன்று விஷயம் சொல்வார். ஒன்று, ஐடிஐயில் ஃபிட்டர் படித்து அப்ரெண்டிஸ் போ. இரண்டு, கேரம் போர்டு பக்கம் போகாதே. மூன்று, இன்டர்வியூவில் வியாசர்பாடி என்று சொல்லாதே, பெரம்பூர் என்று சொல். அப்பாவும் தலையாட்டுகிறார். எனக்கு பி.காம். படிக்க ஆசை. யார் சொல்வதைக் கேட்பது?

பெரம்பூர் ஃபிட்டர்:
பெரியப்பா சொல்வதைக் கேள் தம்பி. 1955-ல் ஐசிஎஃப் வந்ததால்தான் இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பம் வாடகை வீட்டை விட்டு எழுந்தது. பி.காம். முடித்தவன் இப்போது சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறான்.

புளியந்தோப்புக்காரன்:
அண்ணா, பாதி உண்மையை மட்டும் சொல்லாதீர்கள். அப்ரெண்டிஸ் முடித்தால் ரயில்வேயில் நேராக வேலை என்பது பழைய கதை. இப்போது லெவல் 1 என்கிற கடைநிலைப் பணிகளில் அவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அவ்வளவுதான். அதற்கும் தேர்வு எழுத வேண்டும், போட்டி நாடு முழுக்க. பெரியப்பாவுக்கு இது தெரியுமா?

இதே ஊரில் ஒரு காலத்தில் "பின்னி மில்லில் சேர்ந்துவிடு, பேரன் காலம் வரை சோறு" என்று சொன்னார்கள். 1996-ல் அந்தத் துணி மில் மூடியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் நின்றது. அறிவுரை சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பார்த்த உலகம்தான் நின்றுபோனது.

பெரம்பூர் ஃபிட்டர்:
மில் மூடியபோது யார் பிழைத்தார்கள் என்று விசாரித்துப் பார். எங்கள் தெருவில் வெல்டிங், வயரிங் தெரிந்தவர்கள் மறுமாதமே சம்பாதித்தார்கள். மெஷின் முன் நூல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் தவித்தார்கள். நான் சொல்வது கைத்தொழிலை, நீ கவர்மெண்ட் வேலையைப் பிடித்துத் தொங்குகிறாய்.

புளியந்தோப்புக்காரன்:
இது நல்ல பாயிண்ட். ஆனால் பெரியப்பா இப்படிச் சொல்லவில்லையே. "உள்ளே நுழைந்தால் கவலையில்லை" என்றுதானே இவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்?

கேரம் சபை:
இரண்டாவது விஷயத்துக்கு நான் வருகிறேன். 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி எந்த ஏரியா? நம்ம வியாசர்பாடி! 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், இதே வடசென்னைதான். அவர்கள் வீட்டிலும் யாராவது போர்டை மூடச் சொல்லியிருந்தால்?

பெரம்பூர் ஃபிட்டர்:
சபை, முனைக்கு முனை போர்டு கிடக்கிறது. அதில் எத்தனை காசிமா? பந்தயக் காசு கட்டி ஆடுகிறவனைத்தான் நாங்கள் தினம் பார்க்கிறோம்.

கேரம் சபை:
அப்போ காசு கட்டி ஆடாதே என்று சொல்லுங்கள். ஆடாதே என்று ஏன் சொல்ல வேண்டும்?

மின்ட் தெரு அக்கா:
நீங்கள் எல்லாரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண் பிள்ளைக்கு வேலை பற்றி அறிவுரையே கிடையாது. "ஆறு மணிக்குள் வீட்டுக்கு வா, எதிர்த்துப் பேசாதே" இவ்வளவுதான்.

மூன்றாவது விஷயத்தை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஏரியா பெயரை மறைக்கச் சொல்வது அறிவுரையா? ஆதாரில் பின்கோடு 600039 என்று இருக்கிறதே, அதை எங்கே மறைப்பான்? பதினேழு வயதுப் பிள்ளையிடம் "நீ பிறந்த இடம் கேவலம்" என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

பெரம்பூர் ஃபிட்டர்:
கேவலம் என்று யார் சொன்னது அக்கா? நாங்கள் வேலை தேடிய காலத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு ஃபாரத்தை ஓரமாக வைப்பார்கள். லோன் கேட்டால் தர மாட்டார்கள். பட்டவன் சொல்கிறான், பிள்ளையும் படக்கூடாது என்று.

மின்ட் தெரு அக்கா:
பட்டது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் வெளியே போய் ஜெயித்தவனும் பெரம்பூர் என்று சொல்லிவிட்டால், வியாசர்பாடி என்ற பெயரில் கடைசிவரை ரவுடிச் செய்தி மட்டும்தானே மிஞ்சும்? நானாக இருந்தால், "சொல், கேள்வி வந்தால் எப்படிப் பதில் பேசுவது என்று கற்றுக்கொள்" என்பேன்.

புளியந்தோப்புக்காரன்:
அக்கா சொன்னதற்கு அப்படியே ஓட்டு.

பெரம்பூர் ஃபிட்டர்:
பேசுவது சுலபம். பேசி முடித்ததும் வேலை கொடுக்கப் போவது நீயா?

வியாசைப் பையன்:
பெரியப்பாவிடம் 20 சதவீதக் கணக்கைச் சொன்னேன். "இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார், அப்புறம் டிவியைப் போட்டுவிட்டார். அம்பேத்கர் கலைக் கல்லூரி, அரசு ஐடிஐ, இரண்டுக்கும் விண்ணப்பம் போடப் போகிறேன்.

மின்ட் தெரு அக்கா:
போடு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் இரண்டில் எதில் சேர்ந்தாலும் வரும். பாங்க் கணக்கில் ஆதாரை இணைத்து வை.

பெரம்பூர் ஃபிட்டர்:
ஐடிஐ ஃபாரத்தில் ஃபிட்டரை முதலில் போடு. முகவரியை நீயே எழுதிக்கொள், நான் எதுவும் சொல்லவில்லை.