புதுப்பிப்பு: கடல் பாலூட்டி ஆய்வு, படகில் ஏறும் முன் எதைப் பழகுவது?

முந்தைய இழையில் பட்டப்படிப்பு, தன்னார்வப் பணி பற்றி எழுதியிருந்தேன். களத்துக்கு முதலில் எந்தத் திறமை வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். டைவிங் சான்றிதழ் அல்ல. தரவைச் சரியாகப் பதியும் பழக்கம்தான்.

கோட்டுவழிக் கணக்கெடுப்பில் (படகு நேர்கோட்டில் போகும்போது தென்படும் விலங்குகளை எண்ணும் முறை) விலங்கைக் கண்டதும் அதன் தூரம், படகின் பாதையிலிருந்து அதன் கோணம் இரண்டையும் குறிக்க வேண்டும். 400 மீட்டரில் 5 டிகிரி என்றால், படகின் பாதையிலிருந்து அது சுமார் 35 மீட்டர் விலகியிருக்கிறது. "நேர் எதிரேதானே" என்று 0 போட்டால் விலகலே இல்லாமல் போகும். இப்படியே பதிந்துகொண்டு போனால் விலங்குகள் பாதையை ஒட்டிக் குவிந்ததாகத் தெரியும், அடர்த்தி மிகையாக வரும். கண்ணளவு வேண்டாம், கோணப் பலகையை (டிகிரி குறித்த பலகை) பார்த்து எழுதுங்கள்.

எதுவும் தென்படாத மணிநேரமும் தரவுதான். தொடங்கிய நேரம், முடித்த நேரம், போஃபோர்ட் அளவு (காற்றையும் கடல் கொந்தளிப்பையும் குறிக்கும் எண்), கண்கூசும் ஒளி எல்லாம் தாளில் இருக்கட்டும். போஃபோர்ட் 2-ஐத் தாண்டினால் கடற்பன்றி போன்ற சிறிய இனங்கள் கண்ணில் படுவது வெகுவாகக் குறையும்.

ஓங்கில்களை (டால்பின்) முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு வெட்டுகளை வைத்தே அடையாளம் காண்கிறோம். ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம். துடுப்பின் பக்கவாட்டுக்கு நேராக நின்று எடுங்கள். வெட்டு உள்ளவற்றையே தேடி எடுக்காதீர்கள். அடையாளமற்றவை எத்தனை பங்கு என்று தெரியாவிட்டால் மொத்த எண்ணிக்கை தவறிவிடும்.

புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) நிரல்மொழியும், ஒலிப்பதிவை அலசும் பாம்கார்டு (PAMGuard) மென்பொருளும் இலவசம். இன்றே தொடங்கலாம்.