ஆல் வீல் டிரைவ் காருக்கு வின்ரர் ரயர் தேவையா?

மார்க்கம்வாசி:
ஆல் வீல் டிரைவ் எஸ்.யூ.வி. ஒன்று எடுத்திருக்கிறேன். பனிக்காலத்துக்கான வின்ரர் ரயரும் போடச் சொல்கிறார் விற்றவர். நாலு சில்லும் இழுக்கிற வாகனத்துக்கு அது எதற்கு? ஒன்ராறியோவில் சட்டமும் கேட்கவில்லை. 401 நெடுஞ்சாலையில் உப்புப் போட்டுப் பனியை வழித்துவிடுகிறார்கள். காரோடு வந்த சாதாரண ஆல் சீசன் ரயரே போதும் என்கிறேன்.

பாரி அண்ணை:
இல்லை தம்பி. நாலு சில்லுக்கும் எஞ்சின் பலம் போவது கார் வெளிக்கிடத்தான் உதவும். பிரேக் எந்தக் காரிலும் நாலு சில்லிலும்தான் பிடிக்கிறது. நிற்க வேண்டிய நேரத்தில் உங்களுடையது பாரம் கூடின கார், அவ்வளவுதான். சறுக்காமல் வேகம் எடுப்பதால் ரோட்டு எவ்வளவு வழுக்குகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து. 400 நெடுஞ்சாலையில் ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து பனிச்சூறை வந்தால், வெயில் அடித்த ரோட்டில் திடீரென்று முன்னால் போகிறவரின் சிவப்பு லைட்கூடத் தெரியாது.

மார்க்கம்வாசி:
நீங்கள் பாரி நகரில் இருக்கிறீர்கள். நான் ஸ்கார்பரோவுக்கு வேலைக்குப் போகிறவன். காரில் ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது. நாலு ரயர், றிம், வருடத்தில் இரண்டு தரம் மாற்றுக்கூலி. கொண்டோ அடுக்குமாடியில் வைக்க இடமும் இல்லை.

மொன்றியல்காரி:
ஏ.பி.எஸ். சில்லு இறுகிப் பூட்டாமல் பார்க்கும், ரோட்டில் பிடி கொடுக்காது. அது ரப்பரின் வேலை. ஆல் சீசன் ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும், ஸ்கார்பரோவிலும் அப்படித்தான். இன்னொன்று, ஐஸில் பிரேக் அமத்தினால் பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்கக் கூடாது, அமத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், ஆல் வீல் டிரைவுக்கும்தான். செலவென்றால், ஒரு செட் ரயர் ஓடும்போது மற்ற செட் தேயாமல் இருக்கிறதே. ஒன்ராறியோவில் 2016இலிருந்து இன்சூரன்ஸ் கழிவும் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

மார்க்கம்வாசி:
கழிவு விஷயம் தெரியாது, கேட்கிறேன். ஆனால் எல்லாருக்கும் வின்ரர் ரயர்தான் என்பதை ஏற்க மாட்டேன். மலையும் பனித்துகளும் உள்ள குறி பொறித்த ஆல் வெதர் ரயரை வருடம் முழுக்க ஓடலாம். டவுனுக்குள் ஓடுகிற எனக்கு அது போதும்.

பாரி அண்ணை:
ஆல் சீசனைவிட அது எவ்வளவோ திறம். கடும் ஐஸில் வின்ரர் ரயருக்கு ஈடில்லை என்பதில் மாற்றமில்லை. எதைப் போட்டாலும் நாலையும் ஒன்றாக மாற்றுங்கோ. இரண்டு புதுசும் இரண்டு தேய்ந்ததுமாக ஓடினால் ஆல் வீல் டிரைவின் உள்பாகங்கள் பழுதாகலாம். குளிர் கூடும்போது ரயரில் காற்றும் இறங்கும், அதையும் பாருங்கோ. அப்புறம், பனி நாளில் இந்தப் பக்கம் வந்தால் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கிற குரூஸ் கொன்ட்ரோல் போடாதேங்கோ.