பான்ஷி இடப்பக்க பிளாக் கோடு விழுந்துவிட்டது, ஸ்லீவ் மாற்றித்தான் ஆகவேண்டுமா?

நாகலூர் மச்சான்:
வணக்கம் அண்ணன்களே. வண்டி யமஹா பான்ஷி 350, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்த நாலு சக்கர மண் பாதை வண்டி. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து மண் பாதையில்தான் ஓட்டுவேன். மேலே ஒரே புகை, முழுசாக அமுக்கினால் திக்கும். அதனால் இரண்டு கார்புரேட்டரிலும் 200 மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை, எண் குறைந்தால் பெட்ரோலும் குறையும்) எடுத்துவிட்டு 180 போட்டேன். பட்டாசு மாதிரி ஓடியது.

போன ஞாயிறு டாடா ஏஸில் ஏற்றி ஓமலூர் பக்கம் ஒரு மண் டிராக்குக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது சுற்று, நீள நேர்ப்பாதை, ஃபுல் த்ராட்டில். 'கீச்' என்றது, பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. கிளட்ச்சைப் பிடித்ததால் பல் தப்பியது.

கழற்றிப் பார்த்தால் இடது பிஸ்டனில் சைலன்சர் பக்கம் நெடுக உரசல், ஸ்லீவில் (பிளாக்குக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழல்) அலுமினியம் ஈஷியிருக்கிறது. வலது பக்கம் புதுசு மாதிரி பளபளக்கிறது. ஒரு மெக்கானிக் இரண்டு ஸ்லீவும் மாற்று என்கிறார். இன்னொருவர் எமரித் தாள் போட்டுத் தேய்த்து ரிங் மாற்றினால் போதும் என்கிறார். எது சரி?

ஆர்எக்ஸ் பைத்தியம்:
எமரிக்கு என் ஓட்டு. என் ஆர்எக்ஸ் 100க்கு அப்படித்தான் செய்தேன், ஒரு வருஷம் ஓடியது.

செவ்வாய்பேட்டை போரிங் கடை:
ஒரு வருஷம் கழித்து என்ன ஆச்சு என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். எமரியில் கோடு போகும், வட்டமும் சேர்ந்து போகும்.

தம்பி, ஈஷியிருப்பது பிஸ்டனுடைய அலுமினியம். அதை எடுத்தால்தான் கீழே ஸ்லீவ் எப்படி இருக்கிறது என்று தெரியும். கக்கூஸ் கழுவும் ஆசிட் கொஞ்சம், குச்சியில் பஞ்சு சுற்றி அந்த இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். அலுமினியம் இருக்கிற வரை நுரைக்கும். நுரை நின்றதும் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, உடனே ஆயில் பூசுங்கள், இல்லையென்றால் அரை மணியில் துரு. பிளாக்கின் வெளிப்பக்கம் அலுமினியம், அங்கே சொட்டக் கூடாது. வாசலில் வைத்துச் செய்யுங்கள், கையுறை கட்டாயம்.

அப்புறம் நகத்தால் தடவுங்கள். தட்டவில்லையென்றால் அளந்துபார்த்து ஹோனிங், அதாவது கல் வைத்து லேசாகத் தேய்ப்பது. தட்டினால் ரீபோர், அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. ஸ்லீவில் வெடிப்பு இருந்தாலோ ஓவர்சைஸ் தீர்ந்துபோயிருந்தாலோதான் ஸ்லீவ் மாற்றும் பேச்சே. ஒரு பக்கம் போர் செய்தால் மறுபக்கமும் அதே சைஸ்.

முதலில் பிஸ்டன் வாங்குங்கள், அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போர் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன் இல்லாமல் பிளாக்கை மட்டும் கொண்டுவருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பெட்டிக்குள் இருக்கும் தாளில் பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் விடவேண்டிய இடைவெளி போட்டிருக்கும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், வார்ப்புப் பிஸ்டனுக்கு வைக்கிற கேப் அதற்குப் பத்தாது. போர் முடிந்ததும் ஸ்லீவில் இருக்கும் போர்ட் துளைகளின் ஓரங்களை லேசாகச் சாய்த்துவிடச் சொல்லுங்கள். கூர் ஓரத்தில் ரிங் மாட்டினால் அன்றைக்கே உடையும்.

சரி, பிஸ்டன் பிடித்தது ஏன்? நீங்கள் மலைக்குப் பொருத்தமாகத்தான் ஜெட் போட்டீர்கள். ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல், சேலம் 280 மீட்டர்தான். கீழே காற்று அடர்த்தி, அதே 180இல் பெட்ரோல் பத்தாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது, ஆக இரண்டும் குறைந்துபோச்சு. இப்போது பங்க்கில் வருகிற எத்தனால் பெட்ரோல் அந்தக் கலவையை இன்னும் ஒரு படி மெலிதாக்கும்.

ஆனால் ஜெட் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, இடது மட்டும் ஏன் போனது? எனக்கு அதுதான் உறுத்துகிறது. இடப்பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் ரப்பரைப் பாருங்கள், மேக்னெட்டுக்குப் பின்னால் கிராங்க் சீலை (காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது பிஸ்டன் போட்டால் அடுத்த ஞாயிறும் இதே கதைதான்.

நாகலூர் மச்சான்:
அண்ணா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆசிட் போட்ட பிறகும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் கீழே நகம் தட்டியது. இரண்டு பக்கமும் 64.50 மி.மீ.க்குப் போர் செய்தாச்சு.

மாட்டியதும் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து, பழைய ட்யூப் வால்வு வைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினேன். ஆறு நிமிடம் நிற்கவேண்டுமாம், ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்தால் மேக்னெட் பக்கத்துச் சீலில் கொப்புளம் கொப்புளமாக வந்தது! சீல் மாற்றினேன், இப்போது நிற்கிறது.

200 ஜெட் திரும்ப ஏறியாச்சு. 180 இரண்டையும் பழைய அமிர்தாஞ்சன் டப்பாவில் போட்டு, மேல் 'ஏற்காடு மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். ரன்னிங்-இன் எத்தனை டேங்க்?

செவ்வாய்பேட்டை போரிங் கடை:
இரண்டு டேங்க் அமுக்காமல் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் இழுக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், சூடானதும் ஆறவிடுங்கள். முதல் டேங்க் முடிந்ததும் இரண்டு பிளக்கையும் கழற்றி ஒரு போட்டோ போடுங்கள், நிறம் பார்க்கணும்.